காசு வந்திட்டா? - நிவாரணக் கொடுப்பனவு எந்தப் படியில் நிற்கிறது என்று அறிவது எப்படி



சம்பள நாளுக்கு முன்னால் நாம் எல்லோரும் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. செக்ரோலில் நமக்கு எத்தனை பேர் விழுந்திருக்கு, எத்தனை அரைப்பேர் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். ஒரு பேர் குறைந்தாலும் அது எந்த நாள், எந்த மலையில் வேலை செய்த நாள் என்று சொல்லிக் கேட்கிறோம். "சம்பளம் குறையுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

ஆனால் அரசாங்க நிவாரணக் காசு வராவிட்டால் மட்டும் நாம் அப்படிக் கேட்பதில்லை. "வரும் வரும்னு சொல்றாங்க", "நம்ம பேரை வெட்டிட்டாங்க", "ஆள் பார்த்துக் குடுக்கிறாங்க" என்று லயத்து வாசலில் பேசிக்கொள்வதோடு நின்றுவிடுகிறோம். இது தோட்டத்தில் மட்டும் உள்ள பழக்கம் அல்ல. அண்மையில் நாங்கள் கல்முனைப் பக்கம் போனபோது அங்கேயும் இதே பேச்சைத்தான் கேட்டோம். அங்கே கண்ட ஒரு விசயத்தை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

மருதமுனையில் ஒரு வீடு

எமது பணிமனையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் மருதமுனைக்காரர். பெருநாள் லீவுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. அவருடைய உறவில் ஒரு ராத்தா, கணவரை இழந்தவர், தறியில் கூலிக்கு நெய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். எங்களைக் கண்டதும் அவர் கேட்டது இதுதான்:

"நீங்க கந்தோர் வேலை தெரிஞ்ச ஆக்கள்தானே? அஸ்வெசும காசு எனக்கு மட்டும் ஏன் வரல்ல எண்டு பார்த்துச் சொல்லுங்க. ஏழு மாசமாப் பார்த்துக்கிட்டு இருக்கன். ஒண்டும் தெரியல்ல."

ராத்தாவின் மனதில் ஒரு முடிவு ஏற்கனவே இருந்தது. பக்கத்து வீட்டு மச்சிதான் தன்மேல் ஆட்சேபனை எழுதிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஏழு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பிள்ளைகளும் வேலிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். காசு வராததை விட இது எங்களுக்குப் பெரிய நட்டமாகப் பட்டது.

"எப்படிப் பார்த்தீங்க?" என்று கேட்டோம். "மகன் போன்ல என்ர ஐடென்ரிக் காட் நம்பரைப் போட்டுப் பார்த்தான். பேரே இல்லயாம்" என்றார். எந்த அட்டை என்று கேட்டபோது பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து வந்தார். ஒன்று பழையது, எழுத்தில் முடிகிற எண். மற்றது பிறகு எடுத்தது, 12 இலக்கம். மகன் பழைய எண்ணைத்தான் போட்டுப் பார்த்திருக்கிறான். நாங்கள் புதிய எண்ணைப் போட்டோம். ராத்தாவின் குடும்பம் தெரிவாகியிருந்தது. பேர் வெட்டப்படவில்லை. யாரும் எழுதிக் கொடுத்துக் கெடுக்கவுமில்லை.

அப்படியானால் காசு எங்கே? அதை அறியவேண்டுமானால், இந்தக் காசு எந்த வழியாக நம் கைக்கு வருகிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அஸ்வெசும என்பது என்ன?

1995 முதல் நடந்துவந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில், 2023 ஜூலை முதல் அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டம் வந்தது. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அமைந்த நலன்புரி நன்மைகள் சபை இதை நடத்துகிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைப் பார்த்துக் குடும்பங்களுக்குப் புள்ளி போடுகிறார்கள். யார் எந்த வகையில் விழுகிறார் என்பதை அந்தப் புள்ளிதான் தீர்மானிக்கிறது.

தொடங்கியபோது நான்கு வகைகள் இருந்தன. நிலைமாறும் குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய், பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய குடும்பங்களுக்கு 5,000, வறிய குடும்பங்களுக்கு 8,500, மிக வறிய குடும்பங்களுக்கு 15,000. பின்பு 2025 ஜனவரி முதல் வறியோருக்கு 10,000 ஆகவும், மிக வறியோருக்கு 17,500 ஆகவும் கூட்டப்பட்டது. 70 வயதைத் தாண்டிய முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்கு வேறாகக் கொடுப்பனவு உண்டு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் இரண்டு வகைகளும் ஆரம்பத்திலேயே குறுகிய காலத்துக்கென்று அறிவிக்கப்பட்டவை. ஒரு வகைக்கு வர்த்தமானியில் சொன்ன காலம் முடிந்தால் காசும் நின்றுவிடும். அப்படி நிற்பது வேறு, பிழையால் நிற்பது வேறு. ஆகவே "நான் எந்த வகையில் இருக்கிறேன், அதன் காலம் எப்போது முடிகிறது" என்று ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தொகையும் காலமும் இடைக்கிடை மாறுவதால், பக்கத்து லயத்தில் சொன்னதை நம்பாமல் கந்தோரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து படிகள்

நமது விண்ணப்பம் காசாக மாறுவதற்கு ஐந்து படி ஏறவேண்டும்.

முதலாவது, விண்ணப்பம் பதிவாவது. பதிவானால் குடும்பத்துக்கென்று ஒரு எண் கிடைக்கும்.

இரண்டாவது, வீட்டுக்கு வந்து தகவல் எடுப்பது. அன்று நாம் சொன்னதும் அவர்கள் எழுதியதும் ஒன்றாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, தெரிவுப் பட்டியல். பேர் இல்லாதவர்களும், பிழையான வகையில் விழுந்தவர்களும் மேன்முறையீடு செய்வது இந்தக் கட்டத்தில்தான். தகுதி இல்லாத ஒருவர் பட்டியலில் இருந்தால் மற்றவர்கள் ஆட்சேபனை தெரிவிப்பதும் இப்போதுதான். 2023 இல் முதல் பட்டியல் வந்தபோது நாடு முழுவதிலும் இருந்து ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் போயின. ஆகவே மேன்முறையீடு எழுதுவது வெட்கப்படவேண்டிய காரியம் அல்ல. ஆனால் அதற்கென்று அறிவிக்கும் திகதிக்குள் எழுதவேண்டும்.

நான்காவது, வங்கிக் கணக்கு. தெரிவானவரின் பேர், அடையாள அட்டை எண், கணக்கு எண் மூன்றும் சபையிடம் உள்ள பதிவோடு பொருந்தவேண்டும்.

ஐந்தாவது, காசு கணக்கில் விழுவது.

"காசு வரல்ல" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று ஒளிந்திருக்கிறது. எந்தப் படி என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். மூன்றாம் படியில் நிற்பவர் வங்கிக்குப் போய்ச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. நான்காம் படியில் நிற்பவர் மேன்முறையீடு எழுதினாலும் பயனில்லை. ராத்தா நின்றது நான்காம் படியில். அவரோ மூன்றாம் படியில் பேர் போய்விட்டது என்று ஏழு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்கே பார்ப்பது?

மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, நலன்புரி நன்மைகள் சபையின் இணையத்தளம். அடையாள அட்டை எண்ணை அல்லது குடும்ப எண்ணைக் கொடுத்துத் தெரிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். போன் பாவிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று எல்லா லயத்திலும் இருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு, சபையின் 1924 என்ற தொலைபேசி எண். அரசாங்கத் தகவல் நிலையத்தின் எண் 1919. தமிழில் பேசலாம். அட்டையையும் பாஸ் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மூன்று, நேரில் போவது. கிராம உத்தியோகத்தரிடமும், பிரதேச செயலகத்தில் அஸ்வெசும வேலை பார்க்கும் பிரிவிலும் கேட்கலாம். நேரில் போகும்போது நமது பைல் எந்தச் செயலகத்துக்கு உரியது என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். கல்முனை நகரில் பிரதேச செயலகம் ஒன்றும், வடக்குக்கென உப பிரதேச செயலகம் ஒன்றும் இருக்கின்றன. சாய்ந்தமருதுக்கு வேறு செயலகம். ஒரு தெருவைத் தாண்டினால் பைல் வேறு கந்தோரில். பிழையான கந்தோரில் கேட்டால் "பேர் இல்லை" என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் உண்மைதான், ஆனால் கேட்ட இடம் பிழை. தோட்டப்புறத்திலும் இது நடக்கிறது. கீழ்ப் பிரிவும் மேற்பிரிவும் வெவ்வேறு கிராம உத்தியோகத்தர் பிரிவில் இருக்கும் தோட்டங்கள் உண்டு.

அட்டை எண்ணில் ஒரு சூட்சுமம்

2016 முதல் தேசிய அடையாள அட்டைக்கு 12 இலக்க எண் வந்தது. அதற்கு முன்பு 9 இலக்கமும் கடைசியில் ஒரு எழுத்தும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கணினி வேறு வேறு ஆளாக எடுத்துக்கொள்ளக்கூடும். பழையதைப் புதியதாக மாற்றுவது கஷ்டமில்லை. முன்னால் 19 சேருங்கள். பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 போடுங்கள். கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள்.

உதாரணம்: 65900 1234 வீ என்பது 1965900 0 1234 ஆகும். (இது யாருடைய எண்ணும் அல்ல, விளக்கத்துக்காக எழுதியது.) முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். இது தெரிந்தால் நமது அட்டையில் பிறந்த திகதி சரியாகப் பதிந்திருக்கிறதா என்றும் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு எண்ணில் பார்த்துப் பேர் இல்லை என்றால் உடனே மனம் உடையாதீர்கள். மற்ற எண்ணிலும் பாருங்கள். குடும்பத் தலைவரின் எண்ணில் இல்லை என்றால், விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தவர் யார் என்று யோசித்து அவருடைய எண்ணில் பாருங்கள்.

காசு தடைப்படும் இடங்கள்

பேர் தெரிவாகியும் காசு வராததற்கு நாங்கள் அடிக்கடி காணும் காரணங்கள் இவை: கணக்கு ஆரம்பிக்கவே இல்லை. கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் பிழை. விண்ணப்பத்தில் பழைய அட்டை எண், வங்கியில் புதிய எண். பேரின் எழுத்து ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி. கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டார், வீட்டில் யாரும் அறிவிக்கவில்லை.

இப்படியான பிழை நம் நாட்டில் மட்டும் வருவதல்ல. தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் தெரிவானார்கள். முழுத் தொகையையும் போடுமுன் கணக்குச் சரிதானா என்று பார்க்க, முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தார்கள். பேர் தெரிவாவது வேறு, கணக்கு பொருந்துவது வேறு என்பதற்கு அந்த ஒரு ரூபாய் நல்ல சாட்சி.

தோட்டத்து லயங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பல லயன் காம்பராக்களுக்குத் தனி விலாச எண் கிடையாது. நூறு குடும்பத்துக்கும் தோட்டத்தின் பேர் ஒன்றே விலாசம். கடிதம் தோட்டக் கந்தோர் வரைக்கும் வந்து, யாருக்கென்று தெரியாமல் மேசையில் கிடக்கும். ஒரே பேரில் மூன்று பேர் இருந்தால் மாறிப் போகும். மேன்முறையீட்டுக்குச் சொன்ன திகதியும் அதற்குள் போய்விடும். ஆகவே விண்ணப்பத்தில் தோட்டம், பிரிவு, லயன் எண், காம்பரா எண், தகப்பன் அல்லது கணவர் பேர் ஆகியவற்றை விடாமல் எழுதுங்கள். கடிதம் வரும் நாட்களில் தோட்டக் கந்தோரில் நாமே கேட்டுப் பார்ப்பதும் நல்லது.

கொப்பி வைத்திருந்தவர்கள்

மருதமுனையில் ஒரு பெரியவர் எங்களுக்குப் பழைய கொப்பி ஒன்றைக் காட்டினார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் எழுதத் தொடங்கியது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எல்லாம் அடிபட்ட ஊர்கள். அன்று குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய், ஆளுக்கு வாரம் 375 ரூபாய் பெறுமதியான உணவும் காசும், முழுதாக உடைந்த வீட்டுக்கு இரண்டரை லட்சம், பகுதியாக உடைந்த வீட்டுக்கு ஒரு லட்சம் என்று நிவாரணங்கள் வந்தன. வீட்டுக் காசு ஒரேயடியாக வரவில்லை. ஒரு கட்ட வேலை முடிந்து, பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகே அடுத்த தவணை.

"அத்திவாரம் பார்த்த நாள், வந்து பார்த்தவர்ர பதவி, துண்டு நம்பர் எல்லாம் இதில கிடக்கு" என்றார் பெரியவர். "கடல் எல்லாக் கடதாசியையும் எடுத்திட்டுது. அதுக்குப் பிறகு ஒரு கடதாசியையும் கொப்பி இல்லாம நான் குடுக்கிறதில்ல."

நாங்களும் அதையே உங்களுக்குச் சொல்கிறோம். பத்து ரூபாய்க்குப் போட்டோக் கொப்பி எடுக்காத காரணத்தால் பல மாதக் காசை இழக்கக்கூடாது. வீட்டில் ஒரு பயிற்சிக் கொப்பி வையுங்கள். விண்ணப்பித்த திகதி, குடும்ப எண், போன நாள், பேசிய உத்தியோகத்தரின் பதவி, அவர் சொன்ன பதில் ஆகியவற்றை எழுதுங்கள். கடிதம் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பாஸ் புத்தகத்தை மாதம் ஒருமுறை பதிந்து எடுங்கள்.

பதிலே வராவிட்டால்

வாய்ப்பேச்சாக மூன்று முறை கேட்டும் பதில் இல்லை என்றால், எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, நமது விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, ஏன் நிறுத்தப்பட்டது என்று கேட்க எந்தப் பிரசைக்கும் உரிமை உண்டு. ஒவ்வொரு அரச கந்தோரிலும் இதற்கென்று ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்கவேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்கவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை.

தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறலாம். அது அரசியலமைப்பில் உள்ள உரிமை. விளங்காத மொழியில் கடிதம் வந்தால் விளங்கியதுபோல் வாங்கி வைத்துவிடாமல், தமிழில் தரும்படி கேளுங்கள். அதில் ஒரு கடைசித் திகதி இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை

நிலைமையைப் பார்ப்பதற்கு எவருக்கும் காசு கொடுக்கவேண்டியதில்லை. "அஸ்வெசும காசு விடுறோம், வங்கி அட்டையின் இரகசிய எண்ணைச் சொல்லுங்க, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். காசு போடுவதற்குக் கணக்கு எண் போதும். இரகசிய எண் காசு எடுப்பதற்குத்தான் தேவை. அதைக் கேட்பவர் எடுக்க வந்தவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏ.ரீ.எம். அட்டையைக் கடைக்காரரிடமோ கடன் கொடுத்தவரிடமோ அடமானமாகக் கொடுக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள்.

ராத்தாவின் காசு

ராத்தா இரண்டு அட்டையின் பிரதியும் பாஸ் புத்தகப் பிரதியும் எடுத்துக்கொண்டு போனார். விண்ணப்பத்தில் புதிய எண்ணும், வங்கிக் கணக்கில் பழைய எண்ணும் பதிந்திருந்தன. இரண்டு நாள் அலைச்சல், இரண்டு படிவம். அடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் கணக்கில் காசு விழுந்தது. விடுபட்ட மாதங்களுக்கு என்ன வழி என்று எழுத்தில் கேட்டிருக்கிறார். முத்திரை குத்திய பிரதி அவரிடம் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

எமது தம்பி அவருக்குப் போன் எடுத்தபோது, காசைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லையாம். "மச்சி வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டு போனன் மனெ. என்ன முகத்தோட போறதெண்டு வாசல்ல கொஞ்ச நேரம் நிண்டன். அவ ஒண்டும் கேட்கல்ல, பாயைப் போட்டா" என்றாராம்.

சகோதர சகோதரிகளே, உங்கள் லயத்திலும் காசு வராத வீடு ஒன்று இருக்கும். "அவன்தான் எழுதிப் போட்டான்" என்று பேசாமல் இருக்கும் இரண்டு வீடுகளும் இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை அட்டையையும் பாஸ் புத்தகத்தையும் எடுத்து வைத்து, எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் பார்த்துக் கொடுங்கள். பார்த்தும் விளங்காவிட்டால், கொப்பியோடு எமது நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.